வேடிக்கை பார்க்கும் வாத்துக்கு நெஞ்சு படபடக்குது!

தெருமுனையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? காய்கறிப் பையைக் கீழேயும் வைக்க மாட்டோம், வீட்டுக்கும் நகர மாட்டோம். "நமக்கெதுக்குங்க வம்பு" என்று வாய் சொல்லும். கால் அங்கேயே நிற்கும். சண்டை நம்முடையது இல்லை, அடி நம் மேல் விழப்போவதும் இல்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் தடதடவென்று ஒரு ரயில் ஓடும் பாருங்கள், அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அந்த ரயில் வாத்துக்கும் ஓடுகிறதாம்! யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன கதை இல்லை இது. வாத்தின் உடம்புக்குள் கருவி வைத்து, துடிப்பை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால்காரரிடம் சொல்லியாயிற்று, மாடிவீட்டு அக்காவிடம் சொல்லியாயிற்று. "வாத்துக்கு என்னடி நெஞ்சு, வயிறுதான் இருக்கும்" என்று அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டார். சரி, உங்களிடமாவது முழுசாகச் சொல்கிறேன். வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம்.

ஆஸ்திரியாவின் மலைப்பக்கம் ஆல்ம் என்று ஓர் ஆறு. அதன் தலைமாட்டில், சுற்றிலும் செங்குத்துப் பாறை நிற்க, ஆல்ம்சே என்ற ஏரி. அங்கிருந்து ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் இறங்கி வந்தால் க்ரூனாவ். 1973இல் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் தன் வாத்துக் கூட்டத்தோடு ஜெர்மனியின் சீவீசனிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு இங்கேதான் குடிவந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததும் அதே வருடம். முட்டையிலிருந்து வந்த வாத்துக் குஞ்சுகள் முதலில் பார்த்த அவரையே அம்மா என்று நம்பி வரிசையாகப் பின்னால் போகும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தாடி, ரப்பர் பூட்ஸ், பின்னால் ஒரு பட்டாளம். அவரேதான். 1989இல் அவர் காலமானார். வாத்துகள் காலி செய்யவில்லை. பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் என்று வம்சம் பெருகி, அந்தப் பள்ளத்தாக்கிலேயே இன்றும் குடித்தனம் நடக்கிறது. லோரன்ஸின் ஆய்வு நிலையம் இப்போது வியன்னா பல்கலைக்கழகத்தின் கையில்.

வாத்து என்றதும் நம் வயல்களில் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போவார்களே, அந்த உருவத்தை நினைக்காதீர்கள். இது கிரேலேக் வாத்து. கழுத்து நீளம், உடம்பு கனம், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், ஆரஞ்சு அலகு. ஐரோப்பாவின் பண்ணை வாத்துகளுக்கு இதுதான் மூதாதை. மலை தாண்டிக் குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வந்து இறங்குகிற வரித்தலை வாத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். க்ரூனாவ் கூட்டத்துக்கு வேலியும் இல்லை, கூண்டும் இல்லை. இரவில் நரிக்குப் பயந்து ஏரியில் தங்கும்; காலையில் பள்ளத்தாக்கு வழியாகக் கத்திக்கொண்டே பறந்து வந்து நிலையத்தருகே இறங்கும்; தீனி தின்னும், புல் மேயும், சண்டை போடும், சமாதானமாகும், சாயங்காலம் திரும்பிப் போகும். நம்மூர் அரசு அலுவலகத்தைவிட நேரம் தவறாத வருகைப் பதிவு.

இனிதான் சுவாரசியம். இந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு வாத்துக்கும் காலில் வண்ண வளையம், ஒவ்வொன்றுக்கும் பெயர். யார் யாருக்குப் பிறந்தது, யாரோடு ஜோடி சேர்ந்தது, யார் யாரை விட்டுப் போனது, எந்த வருடம் எத்தனை குஞ்சு, யாருக்கும் யாருக்கும் ஆகாது, எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. ஊர்க் கல்யாணத் தரகர் அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிவாரே, அந்த நோட்டுக்கு அண்ணன் இந்த நோட்டு. அரை நூற்றாண்டுக் குடும்பக் கதை! எந்த வாத்து எந்த வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அது இதற்கு என்ன உறவு என்று பின்னால் கேள்வி வரும்போது, பதில் இந்த நோட்டில்தான் கிடைக்கப்போகிறது.

கிரேலேக் வாத்துகளின் குடும்ப வாழ்க்கை கிட்டத்தட்ட நம்முடையதைப் போலவே பிடிவாதமானது. ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும். குஞ்சுகள் பறக்கக் கற்றுக்கொண்ட பிறகும் தனிக்குடித்தனம் போவதில்லை; அடுத்த இனப்பெருக்க காலம் வரை அப்பா அம்மாவோடுதான். கூட்டத்தில் மரியாதைக்கும் கணக்கு உண்டு: குடும்பத்தோடு திரிகிறவருக்கு முதல் பந்தி, குழந்தையில்லாத ஜோடிக்கு அடுத்தது, ஒண்டிக்கட்டைக்குக் கடைசிப் பந்தி. எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. மலையும் ஏரியும் தாண்டிப் போனாலும் இந்த வழக்கம் விடாது போலிருக்கிறது.

சண்டைக்கு வருவோம். ஆண் வாத்து எதிரி மேல் பாயும். இறக்கையை அடித்துக்கொண்டு துரத்தும். எதிரி ஓடியதும் அங்கேயே நின்று மார்தட்டாது. விறுவிறுவென்று திரும்பி வீட்டுக்காரியிடம் ஓடிவரும்! கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி, "பார்த்தியா, பார்த்தியா" என்கிற மாதிரி கரகரவென்று கத்தும். அவளும் கழுத்தை நீட்டிக் கத்துவாள். பிள்ளைகளும் ஓடிவந்து கூச்சலில் சேர்ந்துகொள்ளும். வெற்றி முழக்கம் என்று இதற்குப் பெயர். லோரன்ஸுக்கு முன்பே, 1911இல், ஆஸ்கர் ஹைன்ரோத் இதைக் கவனித்து எழுதிவைத்தார். லோரன்ஸ் இந்த முழக்கத்தைத்தான் வாத்துக் குடும்பத்தைக் கட்டிவைக்கிற கயிறு என்று நினைத்தார். சேர்ந்து கத்துகிறவர்கள் ஒரே வீடு, அவ்வளவுதான் கணக்கு.

இதெல்லாம் வெளியே தெரிகிற நாடகம். உள்ளே என்ன நடக்கிறது? அதைப் பார்க்க இரண்டு வாசல் இருக்கின்றன. முதல் வாசல் கொஞ்சம் அசிங்கம். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எச்சம்!

ரத்தம் எடுக்க வாத்தைப் பிடித்தால், பிடித்த பயத்திலேயே அதன் மன அழுத்த ஹார்மோன் எகிறிவிடும். அப்புறம் எதை அளப்பது? ஆகவே, ஒரு குறிப்பிட்ட வாத்தைத் தேர்ந்தெடுத்து, அது போகுமிடமெல்லாம் பின்னாலேயே நடப்பது. பட்டப்படிப்பு முடித்து, உதவித்தொகை வாங்கி, மலையும் பனியும் சூழ்ந்த புல்வெளியில் ஓர் ஆராய்ச்சியாளர் கையில் சின்னப் பையோடு வாத்தின் பின்பக்கத்தையே கண்கொட்டாமல் பார்த்தபடி நடக்கிறார். நல்லவேளை, வாத்துகள் இந்த விஷயத்தில் தாராளப் பிரபுக்கள். மேய்கிற நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே போகும். விழுந்ததும் அள்ளு, பையில் பெயர் எழுது, ஃப்ரீசரில் போடு. பிறகு ஆய்வகத்தில் அதிலிருந்து கார்டிகோஸ்டீரான், டெஸ்டோஸ்டிரோன் இவற்றின் மிச்சங்களை அளப்பார்கள். முதல் ஹார்மோன் பதற்றத்தின் கதையைச் சொல்லும், இரண்டாவது வீறாப்பின் கதையை. உடம்பில் நடந்தது எச்சத்தில் எட்டிப்பார்க்கச் சில மணி நேரம் ஆகும். அதனால் காலையில் போட்ட சண்டையின் கணக்கு மதியம்தான் கீழே விழும். ஐஸ்க்ரீம் வைக்க வேண்டிய இடத்தில் பெயர் எழுதிய எச்சப் பொட்டலங்கள் அடுக்கடுக்காக. ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு குடும்ப ரகசியம்!

என்னென்ன ரகசியம் என்கிறீர்களா? எனக்கு ரொம்பப் பிடித்தது கை வளர்ப்புக் குஞ்சுகளின் கதை. மனிதர்கள் பெற்றோர் ஸ்தானத்தில் நின்று வளர்த்த இளம் வாத்துகளைக் கூட்டத்துக்குள் தீனிக்கு விட்டார்கள். சில சமயம் வளர்த்தவர் பக்கத்தில் நின்றார், சில சமயம் நிற்கவில்லை. நின்றார் என்றால் சும்மா நின்றார். யாரையும் விரட்டவில்லை, கையைக்கூட ஓங்கவில்லை. ஆனால் அவர் நின்றபோது அந்தப் பிள்ளைகள் சண்டையில் அதிகம் ஜெயித்தன. எச்சத்தில் கார்டிகோஸ்டீரானும் குறைந்திருந்தது. டிடோனே ஃப்ரிஜேரியோவும் கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்டது இது. பள்ளிக்கூட வாசலில் அண்ணன் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும் தம்பியின் நடையே மாறுமே, அதன் ரசாயனக் கணக்கு!

சொந்த வாத்துக் குடும்பங்களிலும் இதே கதைதான். 2005இல் இசபெல்லா ஷைபர் குழுவினர் பார்த்தபோது, நெருக்கியடித்துத் தீனி தின்கிற பதற்றமான நேரத்தில் குடும்பம் பக்கத்தில் இருந்தால் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் கார்டிகோஸ்டீரான் அவ்வளவாக ஏறவில்லை. சண்டைக்குள் குதித்து உதவுவது ஒரு வகைத் துணை. ஒன்றுமே செய்யாமல் கூட இருப்பதும் இன்னொரு வகைத் துணை. இரண்டாவதைப் பெற்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். இப்போது வாத்தின் எச்சத்துக்கும் தெரிந்துவிட்டது.

தம்பதிகளின் பொட்டலங்கள் இன்னும் காரமானவை. கணவன், மனைவி இருவருக்கும் டெஸ்டோஸ்டிரோன் வருடம் முழுக்க ஏறி இறங்கும். பெண்ணுக்கும் உண்டு, ஆச்சரியப்படாதீர்கள். சில ஜோடிகளில் இரண்டு கோடுகளும் கைகோத்து ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். சிலவற்றில் ஒருவர் மேலே போகும்போது இன்னொருவர் கீழே. காத்தரினா ஹிர்ஷன்ஹவுசர் 1999இல் இதை முட்டைக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார். ஒன்றாக ஏறி இறங்கிய ஜோடிகளுக்கே இனப்பெருக்கத்தில் பலன் கூடுதல். பத்துப் பொருத்தத்தில் எந்தப் பொருத்தம் இது என்று ஜோசியரைக் கேட்கவேண்டும். எனக்கென்னவோ பதினோராவது என்று தோன்றுகிறது.

இப்போது இரண்டாவது வாசல், நெஞ்சு. எச்சம் சில மணி நேரத்துக் கதையைச் சேர்த்துவைத்துச் சொல்லும். அந்த நொடியில் என்ன நடந்தது என்று சொல்லாது. அதற்கு இதயத்துடிப்பு வேண்டும். வியன்னாவின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஆர்னால்டின் குழு, வாத்தின் உடம்புக்குள்ளேயே வைத்துவிடக்கூடிய டிரான்ஸ்மிட்டரைத் தந்தது. அறுவை சிகிச்சை செய்து வைத்தாயிற்று. வாத்து பழையபடி ஏரிக்கும் புல்வெளிக்கும் பறந்துகொண்டிருக்கிறது. துடிப்பு மட்டும் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. கீழே ஆய்வாளர்கள் அதன் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்கிறார்கள். இந்த நொடி நடந்தது, இந்த நொடி முறைத்தது, இந்த நொடி அடித்தது. பின்னால் இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப்பார்த்தால், கிளாடியா வாஷர் என்ற ஆய்வாளரின் மேஜையில் ஒரு முழு வம்புப் படம் ஓடுகிறது.

சண்டை போடுகிற வாத்தின் நெஞ்சு எகிறியது. அது பெரிய விஷயமா, ஓடி ஆடினால் யாருக்கும் எகிறும். படத்தின் நடுவில் வருகிற காட்சிதான் என்னைத் தூக்கிப்போட்டது. ஒரு வாத்து சும்மா நிற்கிறது. கால் அசையவில்லை, இறக்கை அசையவில்லை. பக்கத்துச் சாலையில் ஒரு வண்டி போகிறது. துடிப்பு லேசாக ஏறுகிறது. இடி இடிக்கிறது, அதற்கும் லேசாக. அடுத்து, கொஞ்ச தூரத்தில் இரண்டு வாத்துகள் மோதிக்கொள்கின்றன. துடிப்பு குபீரென்று மேலே! இடிக்கும் வண்டிக்கும் ஏறியதைவிட மேலே. நிற்கிற வாத்து இன்னும் நின்றுகொண்டேதான் இருக்கிறது. மற்ற வாத்துகள் எழும்பிப் பறந்தாலும், வந்து இறங்கினாலும் இப்படித்தான். மலையில் இடி இடிப்பது வானத்துப் பிரச்சினை. யார் வந்தார், யார் போனார் என்பது வீட்டுப் பிரச்சினையாயிற்றே!

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. மோதிக்கொள்கிற இருவரில் ஒருவர் வேடிக்கை பார்ப்பவரின் ஜோடியாகவோ குடும்பத்தினராகவோ இருந்தால், ஏற்றம் இன்னும் அதிகம். யாரோ இருவர் அடித்துக்கொள்வது ஒன்று, நம்ம வீட்டுக்காரர் அடிவாங்குவது வேறொன்று. வாத்தின் இதயம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. அதாவது, அது ஆட்களை அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறது. தனக்கு யார் யார் என்ன உறவு என்று தெரிந்து வைத்திருக்கிறது. தெரிந்ததைத் தலையோடு நிறுத்தாமல் நெஞ்சுவரை இறக்கியும் வைத்திருக்கிறது. வாஷர், ஷைபர், குர்ட் கோட்ரஷால் மூவரும் 2008இல் வெளியிட்ட இந்த ஆய்வின் தலைப்பே வேடிக்கை பார்க்கும் வாத்துகளைப் பற்றியதுதான். மாடிவீட்டு அக்கா மறுபடி வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

கொஞ்சம் நின்று யோசித்தால் இது சாதாரணச் செலவில்லை. இதயம் வேகமாக அடித்தால் எரிபொருள் எரிகிறது. புல் தின்று வாழ்கிற பிராணிக்கு எரிபொருள் லேசில் கிடைப்பதும் இல்லை. அப்படியிருந்தும் கிடைத்ததில் ஒரு பங்கை, தான் கலந்துகொள்ளாத சண்டையைப் பார்ப்பதற்காக எரிக்கிறது என்றால், அந்தச் செய்தி அதற்கு அவ்வளவு தேவை என்றுதானே பொருள்? இன்று தோற்றவன் நாளை நம்மிடம் வாலாட்ட மாட்டான். இன்று ஜெயித்தவன் வந்தால் நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஊர் வம்பு கேட்பவர்களை இனிமேல் வேலையற்றவர்கள் என்று நான் திட்டப்போவதில்லை.

வாத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போய்வருவோமா? சுற்றிவரப் புறாக்களும் இருக்கின்றன, அவற்றின் பின்மேடை இன்னும் கிறுக்குத்தனமானது.

தனிக் கூண்டில் வைத்த பெண் புறா பொதுவாக முட்டை இடாது. சரி, ஆண் இல்லை, அதனால் இடவில்லை என்று நினைப்போம். ஆனால் பக்கத்தில் இன்னொரு பெண் புறாவை வைத்தாலும் இட்டுவிடும்! நடுவே கண்ணாடித் தடுப்பு இருந்தாலும் போதும், தொடக்கூட வேண்டாம். ஹாரிசன் மேத்யூஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒரு குறும்பு செய்தார். கூண்டுக்குள் முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்தார். புறா தன்னையே பார்த்தது, முட்டையிட்டது! 1939இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. சூலகத்துக்கு மேலிடத்து உத்தரவு மூளையிலிருந்து வருகிறது, மூளை கண்ணைக் கேட்கிறது, "யாராவது இருக்காங்களா?" என்று. கண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இருக்காங்க இருக்காங்க" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறது. இந்தத் தந்திரத்தைப் பூநாரைகளிடமும் முயன்றிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் கூட்டம் போதாமல் மந்தமாக இருந்த சின்னப் பூநாரைகளுக்குப் பெரிய கண்ணாடிகளை நிறுத்திவைத்து, கூட்டம் இரட்டிப்பானதுபோல் காட்டி, அவை அணிவகுத்து நடக்கின்றனவா என்று பார்த்தார்கள். நகைக்கடையில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, கடையே நிரம்பி வழிகிற மாதிரி காட்டுவார்களே, அதேதான்.

அமெரிக்காவில் நூவர்க் நகரத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் லேர்மன் என்பவர் கழுத்தில் கறுப்பு வளையம் போட்ட புறாக்களை வைத்து ஆயுளைக் கழித்தார். நம் தோட்டங்களில் கூவுகிற கள்ளிப்புறாவின் நெருங்கிய சொந்தம் அது. ஆண் குனிந்து குனிந்து கூவிக் காதல் செய்யும். ஒரு வாரம், பத்து நாளில் பெண் முட்டையிடும். ஆண்மை நீக்கிய, கூவாத ஆணைப் பக்கத்தில் வைத்தால் பெண்ணின் கருமுட்டை அவ்வளவாக வளராது. ஆகவே ஆணின் பாட்டுக்குத்தான் மயங்குகிறாள் என்று எல்லோரும் எழுதிவைத்தார்கள். அழகான கதை. அதே நிலையத்தில் மேய்-ஃபாங் செங் என்ற அம்மையார் வந்து அந்தக் கதையைக் கவிழ்த்துப் போட்டார். ஆண் கூவியதும் பெண்ணும் பதிலுக்குக் கூவுகிறாளே, அந்தக் குரலைத் தடுத்துவிட்டால்? கருமுட்டை சரியாக வளரவில்லை! அவளுடைய குரலையே ஒலிப்பதிவாகத் திருப்பிப் போட்டுக் காட்டினால், வளர்ந்தது. பெண் புறா யாருக்காகக் கூவுகிறாள் என்ற கேள்வியையே 1992இல் தன் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார் செங். பதில்: தனக்காக! அவன் பாடுவது இவளைப் பாடவைக்க. இவள் பாடுவது தன் உடம்பை எழுப்ப. குளியலறையில் பாடுகிற எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மரியாதை செய்யலாம்.

புறாத் தகப்பன்மார் கதையையும் சொல்லிவிடுகிறேன், விட மனசில்லை. புறாவுக்கு அம்மா மட்டுமில்லை, அப்பாவும் பால் கொடுப்பார். கழுத்தடியில் உள்ள தீனிப்பையின் சுவர் தடித்து, உதிர்ந்து, தயிர்க்கட்டி மாதிரி ஒன்றாகிக் குஞ்சின் வாய்க்குப் போகும். இதை நடத்துவது புரோலாக்டின், நம் தாய்மார்களுக்குப் பால் சுரக்கவைக்கும் அதே ஹார்மோன். அடைகாக்கத் தொடங்கியிருந்த ஆணைக் கூட்டிலிருந்து பிரித்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வைத்தார்கள். அந்தப் பக்கம் மனைவி முட்டைமேல் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. இவர் முட்டையைத் தொடவே இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார். தீனிப்பை பாலுக்குத் தயாராகிக்கொண்டே போகிறது! மருத்துவமனை நடைபாதையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற அப்பாக்களே, உங்கள் படபடப்புக்கு ஒரு தோழன் இருக்கிறான்.

பேரரசப் பெங்குவின்களை இரண்டு வரியில் தாண்டுகிறேன், அவை எல்லா ஆவணப்படத்திலும் வந்து புகழ் சம்பாதித்துவிட்டன. அண்டார்டிகாவின் குளிர்கால இருட்டில் காலின் மேல் முட்டையை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிற அப்பாக்கள் நெருக்கியடித்து நிற்கும்போது, நடுவில் 37 டிகிரி செல்சியஸ் வரைகூட ஏறியதை அளந்திருக்கிறார்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆனதும் கூட்டம் முழுக்க ஐந்து, பத்து சென்டிமீட்டர் நகரும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நாம் நடக்காமலே நகர்வோமே, அப்படி.

ஆனால் சில்லையை இரண்டு வரியில் தாண்ட முடியாது. அது நம் ஊர்ப் பறவை. வயலோரம் கதிர் முற்றும் நேரத்தில் குபீரென்று ஒரு கூட்டம் எழும்பி, வளைந்து, மறுபடி அதே இடத்தில் உட்காருமே, மார்பில் மீன் செதில் மாதிரி புள்ளி வரைந்த குட்டிக் குருவி, புள்ளிச் சில்லை. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் குட்சன் இந்தச் சில்லையை, ஆஸ்திரேலிய வரிச் சில்லையோடும் ஆப்பிரிக்கச் சொந்தக்காரர்கள் மூவரோடும் சேர்த்துவைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே குடும்பம், ஆனால் குணம் வேறு. சில கூட்டம் இல்லாவிட்டால் உயிரையே விட்டுவிடும். சில தன் எல்லைக்குள் யாரையும் விடாத முசுடுகள். மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் பறவைப் பதிப்பான மீசோடோசினைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் இருக்கின்றன. கூட்டப் பிரியர்களுக்கு அந்த இடத்தில் கொக்கிகள் நெருக்கம். வரிச் சில்லைப் பெண்களுக்கு அந்தக் கொக்கிகளை மருந்தால் அடைத்துப் பார்த்தார்கள். பெரிய கூட்டத்தின் பக்கமாக ஒட்டிக்கொள்கிற ஆசையும், பழகிய முகங்களைத் தேடுகிற ஆசையும் குறைந்துபோயின. 2009இல் சயன்ஸ் இதழில் வந்தது. அடுத்தமுறை வயலில் சில்லைக் கூட்டம் எழும்பும்போது, அத்தனை குட்டி மண்டைக்குள்ளும் கொக்கி கொக்கியாக ஏதோ மாட்டிக்கொள்வதை நினைத்துப்பாருங்கள். என்னால் இனிமேல் நெல்வயலை நிம்மதியாகக் கடக்க முடியாது.

பிரிவுக்கும் கணக்கு இருக்கிறது. அதே வரிச் சில்லைகளில் ஜோடியைப் பிரித்தால், கூடவே வேறு பறவைகளை விட்டுவைத்தாலும் கார்டிகோஸ்டீரான் ஏறுகிறது. பழைய துணையைத் திரும்பச் சேர்த்தால் இறங்குகிறது. அறை நிறைய ஆள் இருந்தும் ஒருவர் இல்லாத குறை தெரிகிறது. துணையை இழந்த வாத்துகளை லோரன்ஸும் கவனித்து எழுதியிருக்கிறார்: கண் உள்வாங்கிப் போகும், தலை தொங்கும், நேற்றுவரை தனக்குப் பயந்து ஒதுங்கியவை வந்து கொத்தினாலும் திருப்பி அடிக்காமல் விலகிப் போகும். முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்திக்கு ஒரே நாளில். லோரன்ஸ் காலத்தில் எச்சப் பொட்டலமும் இல்லை, டிரான்ஸ்மிட்டரும் இல்லை. கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பார்த்த மனிதர், 1988இல் வாத்துகளைப் பற்றி எழுதிய பெரிய நூலுக்கு அவற்றின் சாதாரணக் கூப்பாட்டையே பெயராக வைத்தார். மேயும்போது ஒன்றை ஒன்று விட்டுவிடாமல் இருக்க ஓயாமல் முனகும் சத்தம் அது. "நான் இங்கே இருக்கேன், நீ எங்கே?" என்று அதற்குப் பொருள் சொன்னார்.

சரி, க்ரூனாவ் புல்வெளிக்கே திரும்புவோம். தீனி நேரம். கீழே வாத்துகள் கழுத்தைத் தாழ்த்தி மேய்கின்றன. பையோடு ஓர் ஆய்வாளர் ஒரு வாத்தின் பின்னால் பொறுமையாக நடந்துகொண்டிருக்கிறார், இன்னும் விழவில்லை. திடீரென்று அந்தப் பக்கம் இரண்டு ஆண் வாத்துகள் இறக்கையை விரித்து மோதிக்கொள்கின்றன. மேய்ந்துகொண்டிருந்த கழுத்துகள் எல்லாம் ஒன்றாக நிமிர்கின்றன. ஆய்வாளரும் பையை மறந்துவிட்டு அந்தப் பக்கமே பார்க்கிறார். அவர் நெஞ்சில்தான் டிரான்ஸ்மிட்டர் இல்லை.